எனக்கு வைத்த படையல்

ஏப்ரல் 6, சனி

நான் செத்துப்போய்விட்டேனாம். இன்று வகுப்பில்தான் தெரிந்தது.

என் வகுப்பில் எப்போதும் ஒரு பண்டிகை, ஒரு பலகாரம், பத்து வாக்கியம். சீனம் தெரியாமல் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு இப்படித்தான் நாக்கு திரும்புகிறது. நேற்று கல்லறை துடைத்து முன்னோருக்குப் படைக்கும் நாள். எல்லாரும் பச்சைக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள். யாருக்குப் படைத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். சேர்ந்து ஒரு மாதமே ஆன வியட்நாம்காரி லூயென் எழுந்தாள்.

"அக்காவுக்கு. வீட்டுக்காரர் முதல் பொண்டாட்டி. செத்துப் போச்சு. பாவம்."

கைபேசியில் படம் காட்டினாள். படையல் மேசைக்குப் பின்னால் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறான் போசெங். என் போசெங்! விவாகரத்தாகி ஐந்து வருடம். அவன் தன் சொந்த ஊரான தீவுக்குத் திரும்பினான், நான் இந்தத் துறைமுகத்திலேயே தங்கிவிட்டேன். சனியன் தொலைந்தது என்றுதான் இருந்தேன்.

"நல்லாச் சொன்னே. உட்காரு" என்றேன்.

ஏப்ரல் 7

உயிரோடு இருக்கிறவளுக்கு ஊதுபத்தியா? பாவி. விவாகரத்து ஆனவன்னா பொண்ணு கிடைக்காதுன்னு என்னைக் கொன்னுட்டியா? அவன் அம்மாவும் கூட்டுக்களவாணிதான். ஊர் சொல்லாதா? சொல்லும். லூயெனுக்குப் புரிந்தால்தானே.

ஏப்ரல் 20

அவளிடம் சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும் —

மாட்டேன். சொன்னால் அவன் வேறு கதை கட்டுவான். அவன் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும்.

ஜூன் 8

இலையில் கட்டி அவித்த சோறு. படகுப் பந்தயப் பண்டிகைப் பாடம். வகுப்பு முடிந்தும் லூயென் போகவில்லை.

"டீச்சர், ஏழாம் மாசம் அக்காவுக்குச் சோறு வைக்கணும். அக்காவுக்கு என்ன பிடிக்கும்? அவரைக் கேட்டேன். 'தெரியாது, எதையாவது வை'ன்னாரு."

ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவன்!

"புளிக்கவெச்ச கீரைத்தண்டு வெச்சுப் பாரு. இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு அதுன்னா உயிர்."

அந்த வாடை அடித்தால் போசெங் தெருமுனைக்கு ஓடுவான். தண்டை நறுக்குவதிலிருந்து பானையை மூடிக் கட்டுவதுவரை சொல்லிக்கொடுத்தேன். அத்தனையும் தப்பில்லாமல் ஒப்பித்தாள், சமர்த்து.

ஜூலை 27

"டீச்சர், வீடே நாறுது. அவர் வாசல்ல படுக்கிறாரு."

வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தவள் நான்.

ஆகஸ்ட் 15

சீனக் கணக்கில் ஏழாம் மாதப் பௌர்ணமி. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் நாள். மீன்பிடித் தடை இன்னும் நீங்கவில்லை, அவன் வீட்டில்தான் இருப்பான். மதியப் படகில் போனேன்.

செத்தவர்கள் உண்டு முடிக்கும்வரை படையல் மேசையைச் சுற்றிப் போட்ட பெஞ்சுகளை உயிரோடிருக்கும் யாரும் தொடக்கூடாது. போசெங்கும் அவன் அம்மாவும் லூயெனும் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்கள். நேராக உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓரத்துக் கிண்ணம் என்னுடையது. கீரைத்தண்டை எடுத்து உறிஞ்சினேன். நன்றாகவே புளித்திருந்தது.

அவன் அம்மா அலறினாள். "அடி பெய்ஹுவா! பெஞ்சைத் தொடாதடி, பெரியவங்கல்லாம் இன்னும் சாப்பிட்டு முடிக்கல!"

"எனக்கும் சேர்த்து வெச்ச சோறுதானே அத்தை? வராம இருந்தா மரியாதையா?"

போசெங் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "இவ... இவ வந்து..." என்று லூயெனிடம் உளறினான். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிச் சிரித்தார்கள். ஏப்ரலிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். வயிறு குளிர்ந்தது.

லூயென் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"டீச்சருக்கு அன்னிக்கே தெரியுமா?"

ஆமென்று தலையசைத்தேன்.

"அந்தத் தண்டை நறுக்கும்போது நான் உங்களுக்காக அழுதேன்" என்றாள்.

கடைசிப் படகு போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

லூயென் வரவில்லை. அவளுக்கு நல்லதுதானே செய்தேன்? இனியாவது உண்மை தெரியுமே. — யாருக்குச் சொல்கிறேன் இதை?

செப்டம்பர் 14

நிலாப் பண்டிகைப் பாடம். லூயென் வந்தாள். அவனை விட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறதாம், துறைமுகத்து உணவுக்கடையில் மாவு பிசைகிறாளாம், வகுப்பு வாசல் காவல்காரர் சொன்னார். அவருக்கும் ஒரு நிலாப்பணியாரம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள். தானே சுட்டது. வகுப்பில் ஆளுக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொருத்தியிடமும் நின்று நலம் விசாரித்தாள். இப்போது பேச்சு தடுமாறவில்லை.

"டீச்சருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"செத்தவங்களுக்குப் படைக்கிறதெல்லாம் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு" என்றாள், சிரித்த முகம் மாறாமல்.

பத்து வாக்கியத்தையும் பலகையில் எழுதிப்போட்டேன். எல்லாரும் வாசித்தார்கள். அவளும் வாசித்தாள்.