பதினொரு வயதுக் கப்பல்காரன்

11 பெப்ரவரி 2003
பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்துவிட்டு வந்தால் வீட்டில் மாநாடு. மகள் சோபிகா, இவர் குகநேசன், நடுவில் அப்பா. அப்பாவின் முகமெல்லாம் பல். கட்டின பல்தான், ஆனாலும் சந்தோஷம் உண்மை.

உலக யுத்த காலத்தில் நோர்வேக் கப்பல்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒஸ்லோவில் ஒரு சங்கம் இருக்கிறதாம். சோபிகா கண்டுபிடித்திருக்கிறாள். அப்பாவைப் பெற்ற முருகேசு அப்புவின் பெயரும் அவர்களிடம் இருக்கிறதாம். அப்பு கொழும்பில் நோர்வேக் கப்பல் ஏறிக் கரி அள்ளிப் போட்டவர். 42இல் கப்பலோடு கடலில் தாண்டு போனார். உடம்பு வரவில்லை. அப்பா மூத்த மகன், கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்கவில்லை. எழுபத்திரண்டு வயதாகியும் அந்தக் குறை ஆறவில்லை.

மே எட்டாம் திகதி சங்கத்தார் கடலில் பூப் போடுவார்கள். செத்தவரின் பெயரை வாசிக்க, அவருடைய ஆட்கள் போடவேண்டும். அங்கத்தவராக இருந்தால்தான் பெயர் வாசிப்பார்கள்.

"நான் போடவேணும் பிள்ளை."

"பூ நான் வாங்கிறன். நீங்கள் கடலுக்கை விழாமல் நிண்டால் காணும்."

14 பெப்ரவரி
அப்பாவின் பெயரில் விண்ணப்பம் போய்விட்டது. நான் கையெழுத்து வைக்க இடமில்லை. நல்லதாய்ப் போயிற்று, என் எழுத்தைப் பார்த்தால் மையில் விழுந்த எறும்பு நடந்ததென்று நினைப்பார்கள்.

6 மார்ச்
இல்லையாம்.

சங்கத்தின் கடிதத்தைச் சோபிகா வாசித்துச் சொன்னாள்: "அம்மா, அம்மப்பாதான் கப்பலிலை வேலை செய்தவர் எண்டு நினைச்சிட்டினம். பதினொரு வயசிலை ஒருத்தர் கரி அள்ளியிருக்கேலாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்தேன், வந்த சிரிப்பு போய்விட்டது.

பிழை எங்களுடையது. ஊரில் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. முருகேசு கந்தையா. இங்கே முன்னுக்கு நிற்பதுதான் ஆள். அப்பா நோர்வேக்கு வந்து இறங்கியபோது ஊர் வழக்கப்படி எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து அரசாங்கத்துக்கு அவர் முருகேசு. பெயர்தானே, கிடக்கட்டும் என்று திருத்தாமல் விட்டோம். இப்போது அப்பா தன் தகப்பனாகவே ஆகி நிற்கிறார் — ஆனால் பதினொரு வயதில்.

9 மார்ச்
அப்பா புட்டைத் தொடவில்லை.

"விடு பிள்ளை. கடல் பொதுதானே, ஆரும் பூப் போடலாம்."

"அப்ப ஏன் புட்டோடை கோபம்?"

 பெயர் வாசிக்காமல் போட்டால் அது யாருக்குப் போட்ட பூ? அதைத்தான் நினைக்கிறார். எனக்குத் தெரியாதா?

12 மார்ச்
நேரில் போய்ச் சொல்லவேண்டுமாம். சோபிகாவுக்குப் பரீட்சை, இவருக்கு வேலை. என் நோர்வேஜிய மொழி வாளிக்கும் துடைப்பத்துக்கும் மட்டும் காணும். என்ன செய்ய? நாளைக்கு நான்தான்.

13 மார்ச்
சங்கச் செயலாளர் ஹான்சென். அப்பாவின் வயது இருக்கும். கோப்பி ஊற்றித் தந்தார். அப்பாவின் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். பார்த்தார், தலையைச் சொறிந்தார். தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறு, உனக்கு வேறு, இது எப்படி ஒரு குடும்பம் என்றார்.

எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் கேட்டேன்: "ஹான்சென் எண்டால் ஹான்சின்ரை மகன்தானே? உங்கடை அப்பா ஹான்சோ?"

"இல்லை. ஹான்ஸ் என் அப்பாவுடைய பாட்டனின் தகப்பன்."

"பாவம் அந்த மனிசன். செத்து எவ்வளவு காலம், இன்னும் பிள்ளை பெத்துக்கொண்டிருக்கிறார். எங்களிலை ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவற்றை அப்பாதான்."

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். அந்த ஹான்ஸ், நில்சுக்குப் பிறந்தவராம். அதனால் அவருடைய பெயர் ஹான்ஸ் நில்சென். முன்னொரு காலத்தில் அவர்களுக்கும் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியதாம். அப்புறம் அவரே விரல் மடித்தார். முருகேசுவின் மகன் கந்தையா. கந்தையாவின் மகள் நான்.

நிர்வாகக் குழு பார்த்துச் சொல்லுமாம். கை கொடுத்து அனுப்பினார். 

28 மார்ச்
ஒன்றும் வரவில்லை. அப்பா கேட்கவுமில்லை. கேட்காமல் இருப்பதுதான் பொல்லாதது.

2 ஏப்ரல்
சேர்த்துவிட்டார்கள். அப்பாடா.

இவர் சொல்கிறார்: "நீர் திரும்பவும் கதைக்க வந்திடுவீர் எண்ட பயத்திலை ஓம் எண்டிருப்பினம்."

"நீங்களும் அப்பிடித்தானே என்னைக் கட்டினது."

அப்பா எழும்பிப் போய்ச் சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

8 மே
மழைத் தூறல். செவ்வந்தி கிடைக்கவில்லை, வெள்ளை துலிப் வாங்கினேன்.

கரையில் அப்பா சப்பாத்தைக் கழற்றினார். எதற்கென்று தெரியாமலே ஹான்சென் குனிந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முருகேசு என்று வாசித்தார்கள். வாய்க்குள் அரைத்துத்தான் வாசித்தார்கள், ஆனாலும் எங்களுக்கு விளங்கியது. அப்பா பூவைத் தண்ணீரில் விட்டார். சுடலையில் கொள்ளி வைத்தவன்போலத் திரும்பிப் பாராமல் நடந்து வந்தார். அந்தப் பூ அலையில் போனதை நாங்கள்தான் பார்த்தோம்.

கோப்பியும் கேக்கும் தந்தார்கள். அப்பா கை வைக்கவில்லை. "முழுகாமல் பச்சைத் தண்ணியும் வேண்டாம் பிள்ளை."

எங்கள் புருசெத் வீட்டுக்கு வந்து ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போனார். சுடுதண்ணீர் முடியும்வரை முழுகினார். திருநீறு பூசி, ஈரத் தலையோடு மேசையில் வந்து இருந்தார்.

"பசிக்குது பிள்ளை. சோத்தைப் போடு."