நம் வாசலில் ஊதச் சொன்னேன்

என் கார்னெட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம்கூட முடியவில்லை, அதற்குள் உங்கள் பேச்சை மீறிவிட்டேன். வேறு யாராவது வந்து கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் நம் பழனிசெட்டிபட்டித் தெருவுக்கு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. உங்கள் பேண்டு செட்டுதான். முன்னால் நின்று டிரம்பெட் ஊதியது உங்கள் கூட்டாளி முருகேசன். சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். இரண்டு வீடு தள்ளி வரும்போதே அவர் கையைத் தூக்கினார். மொத்த வாத்தியமும் நின்றது.

துக்க வீட்டைக் கடக்கும்போது ஊதக்கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். கம்பம் ஊரில் அந்தப் பெரிய வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில், வழியில் ஒரு துக்க வீடு வர, பாட்டு உச்சியில் இருக்கும்போதே கார்னெட்டை இறக்கிவிட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் குதித்தும் அசையவில்லை. பிறகு மண்டபத்தில் கரண்டு போய்க் கீபோர்டு படுத்துவிட, கார்னெட்டைத் தனியே ஊதி, குதித்தவர்களையே கைதட்ட வைத்தீர்கள். தெரிந்த சினிமாப் பாட்டுதான். நடுவில் அதை விட்டுவிட்டு, சின்ன வயதில் எஸ்டேட் கிளப்பில் கேட்டுப் பழகிய ஜாஸ் இசைக்குள் போய்விட்டீர்கள். பாட்டுக்குத் திரும்புவீர்களா மாட்டீர்களா என்று நான் விரல்விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபது வயதில் அவ்வளவு மூச்சு எங்கிருந்துதான் வந்ததோ? மாடிக்குத் தண்ணீர்க்குடம் தூக்கச் சொன்னால் மட்டும் இளைக்கும்.

இப்போது நம் வாசலில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை. தாலி இழந்தவள் கல்யாண ஊர்வலத்துக்கு எதிரே போகலாமா என்று யோசிக்காமல் நடுத்தெருவில் போய் நின்றேன்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீக?"

"அண்ணன் போட்ட வழக்கம் மதினி. அவுக வாசல்லயே எப்படி ஊத?"

"அவுக அடுத்தவுக துக்கத்துக்குப் போட்டது அது. இது என் துக்கம். ஊதுங்க."

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் முருகேசன் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

தம்பிக்கு முதல் ஊதல் பிசிறடித்தது. அப்புறம் பிடித்துக்கொண்டார். பாதிப் பாட்டில், ஒருநாளும் மெட்டை விட்டு நகராத மனுஷன், உங்களைப் போலவே பாட்டை விட்டு வேறெங்கோ ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வர வழி தெரியாமல் இரண்டு சுற்றுத் திண்டாடினார்; டிரம்காரர் சிரித்தேவிட்டார். உங்கள் அளவுக்கு வராதுதான். ஆனாலும் போனாரே! மூக்கைச் சிந்திக்கொண்டே நானும் சிரித்தேன். உங்களை அவ்வளவு பக்கத்தில் கேட்டேன்.

இனி எந்தக் கல்யாணம் வந்தாலும் நம் வாசலில் வாத்தியத்தை நிறுத்த விடமாட்டேன். இது சத்தியம். கோபமென்றால் கனவில் வந்து திட்டுங்கள். வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
செல்லத்தாய்