நான் தூக்கிப் போன பேட்டரி

போன இடத்திலும் சும்மா இருக்கமாட்டாத என் மாமாவுக்கு,

அங்கேயும் ஒரு மரத்தைப் பார்த்து ஹாரன் ஸ்பீக்கர் கட்டியிருப்பாய். இங்கே உன் வீட்டு வேப்பமரத்தில் இருப்பது, நீ போனதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. முந்தாநாள்தான் திறந்தது. அது எப்படி என்று உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பஞ்சாயத்து ரேடியோ டெல்லிச் செய்தி சொல்லும். நம் குப்பத்தில் யார் வலை கிழிந்தது என்று சொல்லுமா? நீ சொன்னாய். சோகப்பாட்டைப் பாதியில் நிறுத்தி, காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பேசிவிட்டு, இசைத்தட்டை மறுபடி முதலிலிருந்து போடுவாய்.

கரண்ட் வராத ஊர். முறை வைத்து, வாரம் ஒரு வீடு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, புதுவாயலில் சார்ஜ் ஏற்றி வரும். தூக்கினவர் கேட்டதை அன்றைக்கு நீ போட்டாகவேண்டும். ஒருத்தர் தன் பேரன் அழுவதை ஹாரனில் கேட்கவேண்டும் என்றார். நீயும் சிரிக்காமல் குழந்தை வாயருகே மைக்கைப் பிடித்தாய். ஊரே வேலையை விட்டுக் கேட்டது, நினைவிருக்கிறதா?

உன் கருமாதி முடிந்ததும் அக்கா கேட்டாள். "ஏழுமலை, இனிமே மைக்கை நான் புடிக்கிறேன்டா. உங்க மாமாவைவிட நல்லாவே பேசுவேன்."

நான் குதித்தேன். "தாலி அறுத்துக்கினு மைக்குல பேசுவியா? ஊரு இன்னா பேசும்?"

ஊர் ஒன்றும் பேசவில்லை மாமா. பேசினது நான் ஒருத்தன்தான். அக்கா உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் மைக் செட்டை விற்றுவிட முடிவு செய்தேன். புதுவாயல் சார்ஜ் கடைக்காரருக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். முந்தாநாள் காலையில், கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போகிற வழியில், முதலில் பேட்டரியைத் தள்ளிவிடலாம் என்று தூக்கிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மனிதர் அதை வாங்கி ஒயரை மாட்டிவிட்டார்.

"இன்னா ஏழுமலை, உங்க ஊட்டு முறையா? தனம் பேசப் போவுதா? பஸ்ஸுல வந்த உங்க ஊரு பொம்பளைங்க அதே பேச்சா இருந்தாங்க. ஷிஃப்ட் முடிச்சி வந்து எடுத்துக்கோ."

விற்க வந்தேன் என்று சொல்லாமலே கம்பெனிக்குப் பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். போனதும் பேட்டரியை என் தோளில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். பேட்டரியைக் காணாமல் நாள் முழுக்கத் தேடியிருக்கிறாள். "நீயாடா தூக்கிக்கினு போனே?" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

ஒயரை அவளே மாட்டினாள். ஹாரன் கரகரத்தது.

"நான் தனம் பேசறேன். இன்னைக்கு எங்க ஊட்டு முறை. வேணாம்னு சொன்ன என் தம்பியே பேட்டரி தூக்கிக்கினு வந்துக்கிறான். ஏழுமலை, இன்னா வேணும், கேளுப்பா."

அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம் போலிருந்தது. "நீயே பேசுக்கா" என்று மட்டும் சொன்னேன். பேசினாள். இறால் எங்கே கிடைக்கிறது, யார் வீட்டில் யாருக்கு ஜுரம், நீ எப்படிக் குறட்டை விடுவாய், எல்லாம். உன்னைவிட நன்றாகத்தான் பேசுகிறாள், கோபித்துக்கொள்ளாதே.

நேற்று மீன் குழம்பில் எனக்கு நடுத்துண்டு வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் துண்டை என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த முறைக்கு இரண்டு வீடுகள் அடித்துக்கொண்டன. இரண்டு வீட்டிலும் கெஞ்சி அதை நானே வாங்கிவிட்டேன். உன்மேல் சத்தியம் மாமா, ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை நான்தான் தூக்கி வருவேன். என்ன வேண்டும் என்று அக்கா மைக்கில் கேட்பாள். இந்தக் கடிதத்தைக் கொடுத்து, படி என்பேன்.

தனத்தின் தம்பி,
உன் மச்சான்
ஏழுமலை