ஜெனில் பேசலண்ணு எழுதினது

வெள்ளறடை
12 ஜூன் 2025

பிரியப்பட்ட லிஷாவுக்கு,

உன்னை இன்ஸ்டால பிளாக் பண்ணிட்டேன், அதான் தபால்ல எழுதுதேன். சிரிக்காத. போனைத் திறந்தா உனக்க ரீல்தான் முதல்ல வரும். யூனிவர்சிட்டி, களிமண் கிளாஸ், சின்னப் பிள்ளைகளுக்க மூளை எப்படி வளருதுண்ணு உனக்க பேச்சு! எல்லாத்துக்கும் முதல் லைக் என்னுதாக்கும். ரெண்டுபேரும் ஒண்ணாத்தானே அப்ளிகேஷன் போட்டோம்? உனக்கு சீட், எனக்கு அங்கன்வாடியில ஹெல்பர் வேலை. ப்ராக்டிகல்ணு எங்க அங்கன்வாடிக்கே வந்து பத்து நாள் நின்ன. பிள்ளைகள் இப்பவும் "லிஷா மிஸ் எப்ப வரும்?"ணு என்ட்டயே கேக்குது. நாளைக்கு நீ சூப்பர்வைசரா வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவ, நான் சாயா கொண்டு வைக்கணும். நினைச்சா வயிறு எரியுது மக்கா.

கோபம் மாறாத,
அமிர்தா

எறணாகுளம்
20 ஜூன்

எனக்க அமிர்தாவுக்கு,

பிளாக்கை எடுட்டி! நல்ல விசேஷம் உண்டு. உங்க அங்கன்வாடி ஜெனிலைப் பத்தி நான் எழுதின கேஸ் ஸ்டடிதான் கிளாஸ்லயே பெஸ்ட். மூணரை வயசாச்சு, இருபது படக் கார்டு காட்டியும் ஒரு வார்த்தை பேசலண்ணு எழுதினேன்லா? எங்க யூனிவர்சிட்டி மிஸ் அதை செமினார்ல வாசிக்கச் சொல்லியாச்சு. நல்லா வந்தா, அயர்லாந்துல குழந்தைகள் சென்டர்ல வேலைக்கு சிபாரிசு லெட்டர் தருவாங்களாம்! ஜெனிலை பேச்சு டாக்டர்ட்ட காட்டணும்ணு எழுதி இதுகூட வச்சிருக்கேன். அவனுக்க அம்மாட்ட குடு.

ஆயிரம் முத்தத்தோட,
லிஷா

வெள்ளறடை
27 ஜூன்

லிஷாவுக்கு,

குடுத்தேன். "வீட்டுல வாய் ஓயமாட்டானே அமிர்தா"ண்ணு அந்த அம்மா அழுதா. பின்ன, படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும், தமிழ் பேசினதாலதான் இப்படி ஆயிட்டுண்ணு நினைச்சு, "இனி வீட்டுலயும் தமிழ் பேசப்படாதுலே"ண்ணு அவனை அடிச்சிருக்கா. இப்ப ஜெனில் எங்கயும் பேசல்ல.

அவங்க தமிழ்நாட்டு அருமனையில இருந்து எல்லை தாண்டி இங்க கேரளத்துக்கு வந்து நாலு மாசம்தான் ஆச்சு. அவனுக்கு மலையாளம் தெரியாது. என்ட்ட தமிழ்ல வாய் மூடமாட்டான். "அக்கா, இந்த சேவல் ஒத்தக் கால்லதான் நிக்குது, மத்தத எவன் எடுத்தான்?"ணு கேக்குறவனாக்கும். நீ கார்டைக் காட்டி மலையாளத்துல "இது எந்தா மோனே?"ண்ணு கேக்கும்ப நான் கதவுக்குப் பின்னால நின்னேன். ஒரு வார்த்தை சொன்னா தீந்திருக்கும். சொல்லல்ல. இவளுக்கும் ஒரு தடவை தப்பட்டும்ணு நினைச்சேன். பொறாமைதான், வேற ஒண்ணும் இல்ல.

உனக்க மிஸ்ட்ட உள்ளதைச் சொல்லு. அயர்லாந்து போனா போகட்டு. என்னைத் திட்டி எழுது.

அமிர்தா

எறணாகுளம்
3 ஜூலை

அமிர்தாவுக்கு,

உன்னைத் திட்டத்தான் பேனா எடுத்தேன். முடியல்ல.

எங்க மிஸ் ப்ராக்டிகலைப் பாக்க அங்கன்வாடிக்கு வந்த அன்னைக்கு ஜெனில் எனக்க கையைப் பிடிச்சு, "அக்கா, அந்தப் பந்தை எடுத்துத் தா"ண்ணு கேட்டான். நல்லாக் கேட்டுது. நம்ம பேச்சுல பதில் சொன்னா நான் தமிழ் பேசுற எல்லைக்காரிண்ணு மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிரும்ணு, காது கேக்காதவ மாதிரி நின்னேன். அவன் நேரே உன்ட்ட ஓடினான். நீ தூக்கி இடுப்புல வச்சு என்னமோ சொன்ன, அவன் குலுங்கிச் சிரிச்சான். எனக்குக் கொதிச்சு வந்துது. பத்து நாள்ல என்னைப் பாத்து அவன் ஒருக்கா கூட அப்படிச் சிரிக்கல்ல. அன்னைக்கு சாயங்காலமாக்கும் கேஸ் ஸ்டடி ஃபார்ம்ல 'பேசல்ல'ண்ணு எழுதினது.

இன்னைக்கு மிஸ்ட்ட எல்லாம் சொல்லியாச்சு. செமினாரும் இல்ல, லெட்டரும் இல்ல. சனிக்கிழமை வாறேன். ஜெனிலுக்க அம்மாட்ட நான்தான் சொல்லணும், நீ கூட நின்னா போதும். என்னைக் கண்டா அவன் மிண்டமாட்டான், வாயே திறக்கமாட்டான். உன்ட்டதான் முதல்ல மிண்டுவான். அதுல எனக்கு இப்பவும் எரிச்சல் உண்டு, கேட்டியா?

லிஷா