லவோனின் ஒன்பதடிக் கோல்

ஜூன் 14, சனி

இன்று மதியம் எங்கள் படகுத்துறையில் இருந்தவர்கள்: நான், என் கணவர் எல்ராய், அவருடைய தங்கை லவோன், எங்கள் மகள் காரின், தூண்டில் கடை டெல்மர். பக்கத்து வீட்டு நாயும் இருந்தது. எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

லவோன் மஸ்கி பிடித்துவிட்டாள், இந்த ஏரியிலேயே பெரிய வேட்டை மீன். நாற்பத்தொன்பது அங்குலம். அறுபத்து நான்கு வயதில் இந்த வசந்தத்தில்தான் முதன்முதலாகத் தூண்டில் கோலைத் தொட்டாள். இந்த மீனுக்காக ஐந்து கோடை வீசிவிட்டு அதன் வாலைக்கூடப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பிய ஆண்களை எனக்குத் தெரியும். நான் முப்பத்தாறு கோடையாக வீசுகிறேன். என் கோலில் ஏறிய பெரிய மஸ்கி முப்பத்து மூன்று அங்குலம். அது குட்டி.

காலையில் நான் சர்ச் சமையற்கூடத்தில் பை பலகாரத்துக்குப் புளிப்பு ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணனும் தங்கையும் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். எங்கே? மூழ்கிய மரத்தடிக்கு. மே 31 அன்று அதே மரத்தடியிலிருந்து ஒரு பெரியது என் இரைக்குப் பின்னாலேயே படகுவரை வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. ஒரு மீனை யார் முதலில் இரைக்குப் பின்னால் எழுப்பிக்கொண்டு வந்தார்களோ அவர்களுக்குத்தான் அந்த மீன். அவர்களாக "நீ போய்ப் பாரு" என்று சொல்லும்வரை வேறு யாரும் அங்கே வீசுவதில்லை. இந்த ஏரியில் நாய்க்குக்கூட அது தெரியும். மரத்தடியைப் பற்றி நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

லவோன் மூன்றாவது முறையாகக் கதை சொன்னாள். "அண்ணி, நீ பாத்திருக்கணும்! படகோரத்துல கோல் நுனியால தண்ணிக்குள்ள எட்டு போட்டேன். மொத சுத்துல பின்னாடியே வந்துச்சு. ரெண்டாவது சுத்துல வாயத் தொறந்துச்சு பாரு, அம்மாடி! அண்ணன் வலைய விட்டு ஒரே அள்ளு!"

ஒரே அள்ளாம். எங்கள் படகில் முப்பத்தாறு வருஷமாக வலை பிடிப்பது நான்தான். "வலை என் கைக்கு வராது ஆர்டிஸ், நீயே புடி" என்பார் எல்ராய். தங்கைக்கு மட்டும் கை வந்துவிட்டதா?

"அது என் மீன்," என்றேன்.

எல்ராய் சிரித்தார். "மீன் மேல உன் பேரு இருந்துதா? நான் பாக்கலையே."

காரினும் சிரித்தாள். டெல்மர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ஜூன் 17, செவ்வாய்

பதினாலு வயதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஞாபகம் முடியவில்லை. படகுவரை வந்து திரும்பிப் போன மீன்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. 1983 ஜூலை 9, பாறை முனை, மழைத்தூறல். 1991 செப்டம்பர் 22, நாணல் வாய்க்கால், என் முன்கை நீளத்துக்குத் தலை இருந்தது. 2002 ஆகஸ்ட் 3, ஒரே நாளில் இரண்டு. சோம்பல்பட்டு நான் இரையைத் தூக்கியதே இல்லை. ஒவ்வொரு வீச்சு முடிவிலும் குனிந்து, கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு எழுதினேன். மறுபடி மறுபடி எழுதினேன். மீன் வரும். முதல் வளைவில் நிற்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே போய்விடும்.

என் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். எல்ராயும் அப்படித்தான் சொல்வார். "அவசரப்படறே ஆர்டிஸ்."

ஜூன் 21, சனி

லவோன் தன் கோலை எங்கள் கார் கொட்டகையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன்.

ஒன்பது அடி. நிமிர்த்தினால் நுனி உத்தரத்தில் இடிக்கிறது. பிடி நீளம், அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். நுனி லேசாக வளைந்து கொடுக்கிறது, நடு உடம்பு விறைப்பு. பக்கத்தில் என் கோல், ஆறரை அடி. எல்ராய் 1978-இல் என் பிறந்த நாளுக்குக் கொடுத்தது. "பொம்பளைக் கைக்குச் சின்னதுதான் தோது" என்றார். துடைப்பக் கட்டை மாதிரி இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு வசந்தத்திலும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

அவள் கோலை இரண்டாக ஒடித்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒடிக்கவில்லை. ஆனால் தோன்றியது.

ஜூன் 24, செவ்வாய்

தோள் வலி. ஐஸ் வைத்தேன். ஊர்ப் பத்திரிகையில் லவோன் படம். பல்லெல்லாம் தெரிகிறது, மீனுக்கும் அவளுக்கும்.

ஜூன் 28, சனி

புதுக் கோல் பார்க்க டெல்மர் கடைக்குத் தனியாகப் போனேன். எல்ராயிடம் தையல் நூல் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

"என்ன கோல் வேணும் அக்கா?"

"லவோன் கோலவிட நல்லதா ஒண்ணு."

"அப்போ கோல் வேணாம் உனக்கு, பழி வாங்கணும். அது அந்தப் பக்க அலமாரில இருக்கு," என்றான். ஆனாலும் மூன்று கோல்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் துறைக்கு அழைத்துப் போனான். கொக்கியை வெட்டிவிட்ட பெரிய ரப்பர் இரை ஒன்றை முடிந்து கொடுத்தான்.

முதலில் ஏழடி. என்னுடையதற்கு அண்ணன், அவ்வளவுதான். எட்டு போட இடுப்பு ஒடியக் குனிய வேண்டியிருந்தது. பிறகு ஒன்பதடி. நிமிர்ந்து நின்றபடியே தண்ணீரில் வண்டிச் சக்கரம் அளவுக்கு வளைவு போட்டேன்! என்ன சுகம்! ஆனால் பத்துத் தடவை வீசுவதற்குள் தோள் கதறியது. நுனி கனக்கிறது. லவோனுக்குத் தோள் நன்றாக இருக்கிறது, அவள் என்னைப் போலப் பண்ணையில் பால் கறந்தவள் இல்லை. கடைசியாக எட்டரை. பிடிப் பக்கம் கனம், நுனிப் பக்கம் லேசு, அதனால் கையில் சமமாக நிற்கிறது. பெரிய இரையை இழுத்து வரும்போது துள்ளாமல் தாங்குகிறது. வளைவு ஒன்பதடிக்குச் சற்றுத்தான் குறைவு.

பிறகு என் பழைய கோலையும் கொடுத்து எட்டு போடச் சொன்னான். போட்டேன். ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு வளைவு.

"இங்க பாரு அக்கா," என்றான். "பெரிய மஸ்கி லாரி மாதிரி. சந்துல திரும்பாது. இத்தனை வருஷமா நீ லாரியச் சந்துக்குள்ள கூப்பிட்டிருக்கே. அதுவும் வந்து வந்து பாத்துட்டுப் போயிருக்கு."

நான் என் பழைய கோலைத் துறைப் பலகைமேல் வைத்தேன்.

"எல்ராய் அண்ணன் சொல்லலையா? மார்ச்ல லவோனக் கூட்டிட்டு வந்தாரே. அப்ப ஏரி உறைஞ்சு கெடந்துச்சு. கடைத் தரையிலயே சாக்பீஸால எட்டு வரைஞ்சு காட்டினாரு. சின்னக் கோல வாங்கிடாத, ஆர்டிஸ் மாதிரி கடைசி வரைக்கும் வேடிக்கதான் பாக்கணும்னு—"

அங்கேயே நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்திருப்பான்.

தெரிஞ்சிருக்கு. என் புருஷனுக்கு, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அவன் திரும்பி வந்ததும் சமையலறையில் நிற்கவைத்துக் கேட்டேன்.

"சின்னக் கோலால மீன் திரும்பாதுன்னு உனக்கு எப்பத்லேர்ந்து தெரியும்?"

"என்ன திடீர்னு?"

"எப்பத்லேர்ந்து?"

காலணியைக் கழற்றினான். ஒன்றைக் கழற்ற இவ்வளவு நேரமா? "நான் எட்டடி வாங்குனப்பவே தெரியும்."

அவன் எட்டடி வாங்கியது 1986, மே மாதம். நான் அன்றைக்கு அவனோடு கடையில் நின்றேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லலே?"

"நீ கேக்கவே இல்லையே, ஆர்டிஸ்."

"லவோன் கேட்டாளா?"

அடுத்த காலணியைக் கழற்றக் குனிந்தான். மேசையில் மதியச் சாப்பாட்டு ஹாட்டிஷ் ஆறிக்கொண்டிருந்தது. நான் பரிமாறவில்லை. அவன், ஏதோ என்னைப் பாராட்டுகிற மாதிரி, "உன்ன மாதிரி வலை புடிக்க விஸ்கான்சின் முழுக்க ஆள் கிடையாது. என் மீன் ஒண்ணுகூட உன் வலையிலேர்ந்து தப்பினதில்ல. நீயும் மீன் மீன்னு ஆரம்பிச்சுட்டா எனக்கு யாரு வலை புடிப்பா?" என்றான்.

அவன் பிடித்த பெரிய மீன்கள் இருபத்தொன்று. எல்லாவற்றையும் நான் அள்ளினேன். எல்லாப் படத்திலும் அவன் இருக்கிறான். படம் எடுத்ததும் நான்தான்.

வந்து திரும்பிப் போன ஒவ்வொன்றுக்காகவும் என்னைத் திட்டிக்கொண்டேனே. இந்தக் கையை, இந்தக் கையைத் திட்டினேனே!

ஜூலை 5, சனி

லவோன் எலுமிச்சை பார் இனிப்புத் துண்டுகள் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறக்கலாமா என்று யோசித்தேன். திறந்தேன்.

"அண்ணி, டெல்மர் சொன்னான். சத்தியமா எனக்குத் தெரியாது. உனக்குச் சின்னக் கோல்தான் புடிக்கும், எவ்வளவு சொன்னாலும் மாத்த மாட்டேங்கறான்னு அண்ணன் சொன்னான்."

"மரத்தடி?"

"அதுவும் அவன்தான். நீயே போகச் சொன்னேன்னான்." அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ எழுப்புன மீனுன்னு தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பக்கம் வீசுவேனா அண்ணி?"

நம்புகிறேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சிறு வயதிலிருந்தே மூக்கு சிவந்துவிடும். ஆனால் அவள் போன பிறகு அந்த நாற்பத்தொன்பது அங்குலத்தை நினைத்தேன். உள்ளதை இங்கேயாவது எழுத வேண்டும். அவள்மேல் கோபம் போய்விட்டது, பொறாமை போகவில்லை. பார் நன்றாக இருந்தது. நாலு தின்றேன்.

ஜூலை 12, சனி

எட்டரை அடியை வாங்கினேன். டெல்மர் ஒன்பதைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றான். "அது லவோன் தோளுக்கு. இது என் தோளுக்கு," என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

தினமும் சாப்பாட்டுக்கு முன் துறையில் நின்று நூறு தடவை எட்டு போடுகிறேன். குனிவது இல்லை. அவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

பாறை முனையில் ஒன்று பின்னாலே வந்தது. இரண்டு முழு வளைவு என்னோடு சுற்றியது! மூன்றாவதில் போய்விட்டது. என் வாழ்நாளில் ஒரு மீன்கூட முதல் வளைவைத் தாண்டியதில்லை. கரைக்கு வந்து கார் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

பாறை முனையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

காலையில் காற்று வடக்கே திரும்பியது. முதுகு வலி என்று ஒரு மாதமாகப் படகுப் பக்கமே வராதவன், தானாக வந்து மோட்டார் பக்கம் உட்கார்ந்தான். தன் கோலைக் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. நேரே பாறை முனைக்குப் போகச் சொன்னேன்.

பத்தே முக்காலுக்கு வந்தது. முதலில் தண்ணீருக்கடியில் பழுப்பாக ஒரு நிழல், பிறகு வெள்ளையாக வாய் ஓரம். நுனியை ஆழத்தில் இறக்கினேன். பெரிய வளைவு. அதுவும் வளைந்தது. மறுபக்கம் இன்னும் பெரிய வளைவு. உடம்பெல்லாம் சேர்ந்து மெதுவாகத் திரும்பியது, அவசரமே இல்லாமல், இடம் இருக்கிறது என்று தெரிந்த மாதிரி. கவ்வியது. கோல் பிடிவரைக்கும் வளைந்தது. தோள் வலித்ததா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

"வலை!" என்று கத்தினேன். இந்த ஒரு வார்த்தையை முப்பத்தாறு வருஷமாக அடுத்தவர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

அவன் அள்ளினான். நாற்பத்தாறரை அங்குலம். தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றினேன், ஒரு படம், வாலைப் பிடித்து நிதானமாக விட்டேன். என் கையை விட்டுப் போகும்போது ஒரே ஒரு தடவை அடித்தது, முகமெல்லாம் தண்ணீர்.

அவன் வலையைப் பிடித்தபடியே நின்றான். "இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா எவ்வளவு பெரிசாத் தெரியுதுடி," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. அந்த நேரத்தில் நான் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன்.

மதியம் டெல்மர் கடையில் காபி. லவோன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு அண்ணி?" சொன்னேன். என்னுடையது இரண்டரை அங்குலம் குறைவு. அவள் கணக்குப் போடவில்லை, நான் போட்டேன். இருந்தும் அவள் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தேன். அவளை மன்னித்துவிட்டேன். என் கையையும் மன்னித்துவிட்டேன், பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

அப்போது ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தம்பதி, அந்தப் பெண்ணுக்கு எந்தக் கோல் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களோடு உட்கார்ந்திருந்த என் புருஷன் காபிக் கோப்பையோடு அவர்களிடம் போனான். "எட்டரை வாங்குங்க," என்றான். "என் சம்சாரத்துக்கு நான்தான் பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்தேன். இன்னிக்குக் காலைல நாப்பத்தாறரை!"

டெல்மர் என்னைப் பார்த்தான். லவோன் என் கையைப் பிடித்தாள். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு, அந்தப் பெண்ணைத் துறைக்கு அழைத்துப் போய், கோலை அவள் கையிலேயே கொடுத்து, எட்டு போடக் கற்றுக்கொடுத்தேன்.

நாளைக் காலையிலும் அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுப்பேன். குளிர் வந்துவிட்டது, கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போடுவேன். படகில் வலையும் கொடுப்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், எல்ராய் ஹல்வர்சனை.