ரெட்டியபட்டிக் கண்மாயில் பால்மீன்

மண்டபம்,
20-11-1944

அன்புள்ள எலிசபெத்துக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பானை சுமந்த தோள்தான் இன்னும் வலிக்கிறது. கடலோரம் அள்ளிய பால்மீன் குஞ்சுகள் உங்கள் கண்மாயின் நல்ல தண்ணீரில் எப்படி இருக்கின்றன? ஒரு வலை போடச் சொல்லி, இரண்டைப் பிடித்து நீளம் எழுது. வளர்ந்தால், ஊர்ச்சனங்கள் பிடித்துத் தின்ன, உங்கள் பக்கத்துக் கண்மாய்களில் எல்லாம் எங்கள் மீன் இலாகா குஞ்சு விடுமாம். அந்த வேலை எனக்குத்தான் என்கிறார் மேலதிகாரி. வளராவிட்டால் கள்ளிக்கோட்டைக்கு மாற்றல். நீயோ பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டாய்.

உன்
சுவாமிதாஸ்

எம்.ரெட்டியபட்டி,
12-12-1944

அன்பான அத்தானுக்கு,

ஒரு ராத்திரி தங்கியதற்கே கம்பளியை மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வாடைக்காற்றுக்கு என்ன செய்கிறீர்களோ.

வலை போட வழியில்லை. தண்ணீர் வற்றி ஊரே சேர்ந்து இறங்கும் நாள்வரை கண்மாயில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்பது இங்கே கட்டுப்பாடு. ஊர்ப் பெரியவர் சங்கையாவைக் கேட்டேன். "கவர்மெண்டு மீனுக்குன்னு தனி நாளா வைக்க முடியும்? இன்னிக்கு நீங்க ஒரு வலை போட்டா, நாளைக்கு எவன் சும்மா இருப்பான், டீச்சரம்மா?" என்கிறார். நியாயம்தான்.

கரையில் கொக்குகள் கூடியிருக்கின்றன. உள்ளே விரால் வேறு. உங்கள் குஞ்சில் ஒன்றாவது மிஞ்சும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் கரைப்பக்கம் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எலிசபெத்

மண்டபம்,
2-4-1945

அன்புள்ள எலிசபெத்துக்கு,

மாற்றல் உத்தரவு தயாராகிறதாம். கள்ளிக்கோட்டை போய்விட்டால் கிறிஸ்துமஸுக்குக்கூட வர முடியாது. நீளம் வேண்டாம், உயிரோடு இருக்கின்றனவா என்று மட்டும் சொல்லேன்.

சுவாமிதாஸ்

எம்.ரெட்டியபட்டி,
19-4-1945

அன்பான அத்தானுக்கு,

தண்ணீர் வற்றிவிட்டது. நேற்று சங்கையா துண்டை வீசி உத்தரவு கொடுத்ததும் ஊரே மீன் பிடிக்கக் கண்மாயில் இறங்கியது. கரையில் நின்று பார்த்தேன். விரால், கெளுத்தி, கெண்டை. சேற்றுக்குள் வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் கூடையோடு வந்து நின்றாள். "இந்தாங்க டீச்சரம்மா, உங்க மீனு." அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம். பால்மீனை மட்டும் தனியே பொறுக்கிக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டினார்கள். முழங்கை நீளம் வளர்ந்திருக்கின்றன.

"உங்களுக்காகத்தான் விட்டது, கொண்டு போங்கள்" என்றேன்.

"தானா வந்த மீனு ஊருக்கு. இது அவுக தோள்ல சுமந்து கொண்டாந்ததுல்ல? எடுத்துத் தின்னா திருடுன மாதிரி" என்றாள் சோலையம்மாள். "அவுக வந்து கையால குடுக்கட்டும், வாங்கிக்கிடுறோம். விடியுமுன்ன ஓடிப்போன மாப்பிள்ளைய இப்பவாச்சும் கூப்பிடுங்க."

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதிகாரியிடம் நீளத்தைச் சொல்லுங்கள். ஊரில் இன்னும் ஒருவர்கூட ஒரு துண்டு தின்னவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கீறி, உப்புப் போட்டுக் காய வைத்திருக்கிறேன். உப்பு எத்தனை நாள் தாங்கும் என்பது கடற்கரையில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
எலிசபெத்