நீங்கள் நிறுத்த மறந்த கேமரா

பூஞ்சை பூத்த வீடியோ கேசட்டைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். அந்த வாடை ஏறியதுமே இடது புருவம் விண்ணென்று தெறித்தது. அன்றைக்குத் தையல் போட்ட நர்ஸம்மாவும் இதே ஸ்பிரிட்டைத்தான் வைத்தார். "எப்டிமா ஆச்சு?" என்று அவர் கேட்டதற்கு நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்: "வழுக்கி வுழுந்துட்டா."

நம் மகளுக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் போனபோது அவளுக்குப் பத்து வயது. "அப்பா நடக்கறத, பேசறத பாக்கணும்மா. கேசட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பு" என்று போரூரிலிருந்து போன் செய்தாள். பழைய டெக்கை ரிப்பேர் செய்து, ஒயர் வாங்கி மாட்டி, நானே உட்கார்ந்துவிட்டேன். இதில் வேகமாக ஓட்டிவிட வழியில்லை. கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் ஏறும். உங்களோடு மறுபடியும் குடித்தனம் நடத்தினேன்.

கேமராவை நீங்கள் யாரிடமும் தந்ததில்லை. அதனால் எந்தக் கேசட்டிலும் உங்கள் முகம் இல்லை, குரல்தான். "சிரிடி! இவ்ளோ காசு போட்டு வாங்கினது உன் அழுமூஞ்சிய புடிக்கவா?" நான் சிரிக்கிறேன். கண் மட்டும் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசிக் கேசட், வரதர் கருட சேவை பார்த்துவிட்டுத் திரும்பிய காலை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவை நிறுத்தாமலே அலமாரி மேல் வைத்துவிட்டு, முதன்முறையாகப் படத்துக்குள் வருகிறீர்கள். நம் வீட்டுத் தறியில் கிடந்த, ஊடை நூல் ஓட்டும் நாடாக்கட்டையை, இரும்பு முனை வைத்ததை, எடுத்து என் முகத்தில் அடிக்கிறீர்கள். முடியைப் பிடித்துத் தறிக்கட்டையில் மோதுகிறீர்கள். மறுபடியும் மோதுகிறீர்கள். தறியில் ஏற்றியிருந்த மஞ்சள் பட்டுப் பாவு நூலெல்லாம் ரத்தம். அப்போது பாவாடை தடுக்கத் தடுக்க ஓடிவந்த நாலு வயதுக் குழந்தை, உங்கள் கையில் பல்லைப் பதித்துத் தொங்குகிறாள். உதறிப் பார்க்கிறீர்கள், அவள் விடவில்லை. நீங்கள் என் முடியை விட்ட பிறகுதான் அவள் வாயைத் திறக்கிறாள்.

தெரு நாய் கடித்தது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். அவளும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். உங்கள் கையிலிருந்த அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாள். "நாய் கடிச்சப்போ ரொம்ப வலிச்சுதாப்பா?" என்று கேட்பாள். நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் அவளுக்குத் தங்கமான அப்பா மிஞ்சுவார். ஆனால் உங்கள் முகம் இருப்பதே அந்த ஒரு இடத்தில்தான். செத்தவரைக் குறை பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் பேச விட்டீர்களா? வெட்டாமல் அனுப்பினேன்.

நேற்று போன் வந்தது.

"அம்மா, அந்தக் கொழந்த நானா?"

"ஆமாம்மா. நாய் இல்ல, நீதான்."

அழுதாள். உங்களுக்காகவும் சேர்த்துத்தான் அழுதாள், நான் தடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இன்னும் நல்லா கடிச்சிருக்கணும்மா" என்றாள்.

உங்கள் தழும்பு உங்களோடு எரிந்துபோயிற்று. என்னுடையது புருவத்தில் இருக்கிறது. இனி யார் கேட்டாலும் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லமாட்டேன்.